இருநூற்றுப் பதினாலு குறை உள்ள படகு

மாஸ்டரம்மாவின் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கட்டின கணவர் கேட்டதில்லை, பெற்ற மகள் கேட்டதில்லை, பத்தொன்பது வருடமாக அவளிடம் கார் ஓட்டப் பழகின ஊர் ஜனத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பொல்லாத பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். மனசு தங்கம். வாய்தான் அப்படி.

அந்த வாய்க்கும் ஒரு காரணம் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த முதல் மாதம், ஒரு தையல்காரரிடம் 'அட, நல்லா ஓட்டுறீங்களே' என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். மனிதர் பூரித்துப் போய், அவள் பக்கம் திரும்பி, பல் அத்தனையும் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கார் ஒரு செருப்புக் கடைக்குள் போய் நின்றது. அன்றைக்கு எடுத்த முடிவு: இந்த ஜென்மத்தில் யாரையும் பாராட்டுவதில்லை. குறையை மட்டும் சொல்வது, அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது.

அந்த நோட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலைகீழாக நின்றாலும் தேற மாட்டான் என்று தெரிந்தவனுக்கு அவள் ஒரு வரி எழுத மாட்டாள். 'பரவாயில்லை, பாத்துப் போங்க' என்று அனுப்பிவிடுவாள். எவன் தேறுவான் என்று அவளுக்கு உள்ளூர நம்பிக்கை இருக்கிறதோ, அவனுக்குத்தான் பக்கம் பக்கமாகக் குறை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதுவும் பாராட்டு ஆகிவிடுமே!

அவள் கணவர் பல் டாக்டர். அவர் தொழில் வேறு மாதிரி. ஒருத்தர் வந்து 'இது தொந்தரவு பண்ணுது' என்றால் அடைத்துப் பார்ப்பார். அப்படியும் தொந்தரவு பண்ணினால் பிடுங்கிப் போட்டுவிட்டு, 'இனிமே நிம்மதியாத் தூங்குங்க' என்று தோளில் தட்டி அனுப்புவார். இவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆகிறது. எப்படி ஓடியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

டாக்டருக்கு நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று கடல் பைத்தியம் பிடித்தது. புத்தகம் வாங்கினார், வகுப்புக்குப் போனார், கடைசியில் முப்பதடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகையே வாங்கிவிட்டார். ஒரு வருடம் கடற்கரை ஓரமாகவே ஊர் ஊராகப் போய்வரலாம் என்றார். மாஸ்டரம்மா குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை. சொந்தக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் போன் போட்டு, 'இந்த மனுஷனுக்கு மறை கழண்டுபோச்சு, மூணே வாரத்துல திரும்பி வரோமா இல்லையா பாருங்க' என்று சொல்லிவைத்தாள். சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

இப்போது நாலு மாதம் ஆகிவிட்டது. அந்த நாலு மாதத்தில் படகைப் பற்றி அவள் எழுதிய குறை இருநூற்றுப் பதிமூன்று. இதிலிருந்தே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அவர்கள் ஒரு குடாவுக்குள் நுழைந்தார்கள். மூன்று பக்கமும் குன்று, வெளியே காற்று என்னதான் ஆட்டம் போட்டாலும் உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்தது போலக் கிடந்தது. ஏழெட்டுப் படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. கரையில் படகு கட்டுகிற ஒரு மரப் பாலம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மளிகைக் கடை. அவ்வளவுதான் ஊர்.

நங்கூரம் போடுவது என்பது அந்தக் குடும்பத்தில் ஒரு தனிக் கூத்து. டாக்டர் முன்னால் நின்று சங்கிலியை இறக்குவார். மாஸ்டரம்மா பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடித்திருப்பாள். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கைச் சைகை. அவர் படகுக்காரர்கள் காட்டுகிற சைகை காட்டுவார். இவள் அதைச் சாலை விதிப்படி படிப்பாள்.

"பின்னால போன்னா ஏன் முன்னால வரே?" என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

"கையைச் சுத்திச் சுத்திக் காட்டினா இடது பக்கம் திரும்பறேன்னு அர்த்தம்! சைகை ஒழுங்காக் காட்டத் தெரியாதவங்க எதுக்கு முன்னால நிக்கிறீங்க?"

"இது ரோடு இல்லம்மா!"

"ரோடா இருந்தா எப்பவோ உங்க லைசென்ஸைப் பிடுங்கியிருப்பாங்க!"

அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் கையில் டீக் கோப்பையோடு வெளியே வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். நாலாவது முறை நங்கூரம் அடிமண்ணைக் கவ்விப் பிடித்தது. யாரோ கை தட்டினார்கள். மகள் வெட்கத்தில் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுக்குப் பதினாலு வயது. இருக்கிற இடம் தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் வீட்டில் சுண்டெலி என்று பெயர்.

டாக்டர் ரப்பர் படகில் ஏறித் தண்ணீர் பிடிக்கக் கரைக்குப் போனார். மாஸ்டரம்மா நோட்டை எடுத்தாள். 'குறை 214. நங்கூரம் நாலாவது தடவைதான் பிடித்தது' என்று எழுதினாள். பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். பின்பக்கமிருந்து இன்னொரு பட்டியல் ஓடியது, அதற்குத் தலைப்பு 'ஆள்'. அதில், 'சங்கிலி இறக்கும்போது இடுப்பு வளையவில்லை. தொப்பி போடவில்லை. சொன்னால் கேட்பதில்லை' என்று எழுதி, இது முந்நூற்று இரண்டு என்று எண் போட்டாள். எழுதி முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்ததும், படியோரக் கைப்பிடிக் கட்டையை இரண்டு தடவை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தியாகக் களை. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற குரலை எடுத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. நேத்து பென்சில் தேடறப்போ உன் நோட்டைப் பாத்துட்டேன்."

மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் ஒரு முட்டாள். நீ இவ்வளவு கஷ்டப்படறேன்னு எனக்குத் தெரியவே இல்லை. தலைமாட்டுல ஒழுகுது, அடுப்பு ஆடுது, கக்கூஸ் பம்பு கையை ஒடிக்குது. போதும்மா. இங்க கரையில ஒரு பலகையில நோட்டீஸ் ஒட்டியிருந்தது, பழைய பாய்மரப் படகு வேணும்னு. போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து பாக்கறாராம். பிடிச்சிருந்தா இங்கயே விட்டுட்டு நாம பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம். இனிமே நீ நிம்மதியாத் தூங்கு."

தோளில் இரண்டு தட்டும் தட்டினார்.

மாஸ்டரம்மா நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீடு என்றால் என்ன வீடு? மூன்று அறை, மூன்று கதவு. அவர் கிளினிக்கிலிருந்து ஒன்பது மணிக்கு வந்து டி.வி. முன்னால் உட்காருவார். இவள் நாள் பூராவும் அடுத்தவர்கள் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காது அடைத்துப்போய்ப் படுப்பாள். சுண்டெலி கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள் காலைதான் முகம் தெரியும். போன வருடம் முழுக்க அந்தப் பெண் அம்மாவிடம் பேசியதை எண்ணினால் நூறு வாக்கியம் தேறாது, அதில் பாதி 'சார்ஜரைப் பாத்தியா?' இங்கே முப்பதடிக்குள் சாத்துவதற்கு ஒரு கதவு கிடையாது. வேறு வழியில்லாமல் மூவரும் பேசிக்கொள்கிறார்கள். பேசிப் பேசி, சண்டை போட்டு, இப்போது சுண்டெலி அவள் மடியில் காலைப் போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிறாள். இதை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவதா?

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? இவ்வளவு நாள் குதித்த குதியெல்லாம் வீணாகும். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதைவிட, 'இந்தப் படகு எனக்குப் பிடிச்சிருக்கு' என்ற வாக்கியத்தை அவள் நாக்கு பழகவே இல்லை.

"நல்லது," என்றாள்.

"பாத்தியா? எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வாளியும் துணியுமாகப் படகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பித்தளையெல்லாம் பளபளவென்று ஆனது. மாஸ்டரம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. சமையல் மூலையில் பாத்திரத்தை டம் டம் என்று வைத்தாள்.

சுண்டெலி பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, உனக்குப் போகணுமா?"

"வெங்காயத்தை நறுக்கு."

"நீ தினமும் அந்தக் கைப்பிடியைத் தடவிக் கொடுக்கறதை நான் பாத்திருக்கேன்."

"தூசி இருந்தது. துடைச்சேன்."

"'குட்டி'ன்னு வேற சொன்னே."

மாஸ்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. "அப்பாகிட்ட வாயைத் திறந்தே, தோலை உரிச்சுடுவேன்!"

"அப்ப நீயே சொல்லு. எனக்கும் போக வேண்டாம், நான் நேத்தே சொல்லிட்டேன். 'அம்மா கஷ்டப்படறா, நீ சுயநலமா இருக்காதே'ன்னு அப்பா என்னைத்தான் திட்டினார்." சுண்டெலிக்குக் குரல் உடைந்தது. "உன்னாலதான் எல்லாம்."

மாஸ்டரம்மா மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டாள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வராது, சரி. குறை சொல்ல வருமே? அதில் அவளை அடிக்க ஆள் உண்டா? வருகிற ஆசாமி துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட வேண்டும். அப்படி ஓட்டிவிட்டால் ஒருத்தரிடமும் ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பத்து மணிக்கு டாக்டர் ரப்பர் படகில் ஆளை ஏற்றிக்கொண்டு வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் கறுப்பு ஷூ, அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. மெத்தைக் கடைக்காரராம். மூன்று ஊரில் கிளை இருக்கிறதாம். படகில் ஏறக் காலைத் தூக்கியவர், ஒரு கால் இங்கேயும் ஒரு கால் ரப்பர் படகிலுமாக, நடுவில் இடைவெளி அகன்றுகொண்டே போக, கொஞ்ச நேரம் கடலுக்கு மேல் கவட்டையாக நின்றார். டாக்டர் பின்னாலிருந்து தள்ளி, சுண்டெலி முன்னாலிருந்து டையைப் பிடித்து இழுத்து, ஒரு வழியாக உள்ளே விழுந்தார். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, "அருமை!" என்றார்.

மாஸ்டரம்மாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்க, நானே சுத்திக் காட்டறேன்," என்று முன்னால் நடந்தாள். "இங்க பாருங்க. இந்த ஜன்னலுக்குக் கீழதான் தலை வெச்சுப் படுக்கணும். மழை பெய்ஞ்சா நேரா மூக்கு மேல ஒழுகும்."

மெத்தைக் கடைக்காரர் உடனே அங்கே ஏறிப் படுத்தார். இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். "இயற்கையோட சேர்ந்து வாழறது! அருமை!"

"ஒரு டப்பாவை வெச்சா சொட்டுச் சொட்டா விழுந்து உயிரை வாங்கும். டப்பாவுக்குள்ள ஒரு துணியைப் போட்டா சத்தம் வராது," என்றாள் மாஸ்டரம்மா. சொன்ன பிறகுதான், இந்த இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று தோன்றியது.

அடுப்பைக் காட்டினாள். "படகு சாஞ்சா இதுவும் சாயும். பாத்திரம் வழுக்கும். மொத வாரம் ஒரு சட்டி முட்டை பூரா என் காலுல கொட்டுச்சு."

"தொட்டில் மாதிரி ஆடுதே, அருமை!"

"இந்தக் கொக்கியை மாட்டினா ஆடாது. அதுவும் இப்படி மேலேருந்து மாட்டணும், கீழேருந்து மாட்டினா நகம் போயிடும்." மறுபடியும்! தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதினெட்டு தடவை பம்பு அடித்தால்தான் போக வேண்டியது போகும், பத்தொன்பதாவது அடித்தால் போனது திரும்பி வரும் என்றாள். உண்மையில் அப்படி ஒரு தடவை வந்திருக்கிறது, குறை எண் முப்பத்தொன்று. மெத்தைக் கடைக்காரர் மிதவைச் சட்டையையும் கோட்டையும் கழற்றிச் சுண்டெலியிடம் கொடுத்துவிட்டு உற்சாகமாகப் பம்பை அடித்தார். சுண்டெலி வாசலில் நின்று எண்ணினாள். பதினேழில் மூச்சு வாங்கி நிறுத்தினார்.

"உடற்பயிற்சி! அருமை!"

கடைசி அஸ்திரமாக மாஸ்டரம்மா டீ போட்டாள். குடத்துத் தண்ணீரில் இல்லை, வாளியை வெளியே விட்டு மொண்டெடுத்த சாட்சாத் கடல் தண்ணீரில். டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார், ஆனால் விற்கிறவர் அல்லவா, துப்ப முடியாமல் விழுங்கினார். மெத்தைக் கடைக்காரர் கோப்பையைக் காலி செய்தார்.

"வித்தியாசமான ருசி. அருமை! இன்னொரு கப் கிடைக்குமா?"

மாஸ்டரம்மா உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு பிறவியை அவள் கண்டதே இல்லை. எதைக் காட்டினாலும் அருமை என்கிறவனுக்கு எதன் அருமை தெரியும்? இவனிடமா இதைக் கொடுப்பது?

"ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டா முடிச்சுக்கலாம் டாக்டர்," என்றார் மெத்தைக் கடைக்காரர். "மேடம் இவ்வளவு விவரமாச் சொன்னதுக்கு அப்புறம் யோசிக்கவே வேண்டியதில்லை."

டாக்டர் நங்கூரத்தை எடுத்தார். பாய் விரிந்தது. குடாவுக்குள் இளங்காற்று, படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. மெத்தைக் கடைக்காரர் சுக்கான் கட்டையைத் தானே பிடிப்பேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தார். டாக்டர் முன்னால் போய்ப் பாயைக் கவனித்தார். மாஸ்டரம்மா எதிர்ப்பலகையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் வாயைக் கட்டினால் முடிந்துவிடும், ஆனால் முடிந்துவிட்டால்தான் எல்லாமே முடிந்துவிடுமே.

சுக்கான் கட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் திரும்பும். மெத்தைக் கடைக்காரருக்கு அது பிடிபடவில்லை. கார் ஸ்டீயரிங் மாதிரி போக வேண்டிய பக்கமே தள்ளினார், படகு குடிகாரன் நடையாகப் போனது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மாஸ்டரம்மாவின் வலது கால் இல்லாத பிரேக்கைப் போட்டு மிதித்தது.

"இந்தப் படகை என்ன பண்ணப் போறீங்க அங்கிள்?" என்று சுண்டெலி கேட்டாள்.

"நல்ல கேள்வி! பாலத்தோட சேத்து நாலு பக்கமும் இரும்புச் சங்கிலியில கட்டிடுவேன். அசையவே அசையாது. இந்த மரத்தையெல்லாம் பேத்து எடுத்துட்டு உள்ள ஆறு மெத்தை போட்டா கடையோட நாலாவது கிளை! பாயில பெருசா எழுதிடலாம், 'படுத்தால் எழ மாட்டீர்கள்'னு."

"அப்ப ஓட்ட மாட்டீங்களா?"

"இதையா? எதுக்கும்மா ஓட்டணும்?"

மாஸ்டரம்மாவின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணில் பட்டது எதிரே நின்ற நாலு கொக்கு. தண்ணீருக்கு நடுவில், வரிசையாக, முழங்கால் அளவுதான் நனைந்து நின்றுகொண்டிருந்தன.

"மணல் திட்டு," என்றாள். "வலது பக்கம் போங்க."

"அருமையான பறவை! கிட்டப் போய்ப் பாக்கலாம்." படகை நேராக அந்தப் பக்கமே விட்டார்.

"யோவ், கொக்கு என்ன நீச்சலா அடிக்குது? தரை இருந்தாத்தானே நிக்கும்! திருப்புங்க!"

"எந்தப் பக்கம் மேடம்?" என்றபடி அவர் பதறிப்போய்க் கட்டையைத் தப்பான பக்கம் தள்ளினார். படகு கொக்குகளைக் குறி பார்த்தே பாய்ந்தது. அடியில் மணல் உரசுகிற சரசரப்பு கேட்டது. அந்தச் சத்தம் மாஸ்டரம்மாவின் முதுகுத்தண்டில் போய் உறைத்தது.

"விடுய்யா! என் போட்டை விடுய்யா!"

மெத்தைக் கடைக்காரரை இடுப்பால் ஒரு இடி இடித்தாள். மூன்று கிளை முதலாளி பலகையிலிருந்து கீழே போய் விழுந்தார். அவள் கட்டையைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். "தலையைக் குனிங்க எல்லாரும்!" பாய் படாரென்று பக்கம் மாறியது, படகு ஒரு கணம் தயங்கிற்று, குலுங்கிற்று, "வாடி குட்டி, வா, வா, வா," என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, மணலை விட்டு வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குத் திரும்பியது. கொக்குகள் ஒன்றுகூடப் பறக்கவில்லை. திரும்பி நின்று வேறு பக்கம் பார்த்தன.

டாக்டர் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி முன்னாலிருந்து தவழ்ந்து வந்தார்.

"என்ன சொன்னே?"

"குனியச் சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

"அம்மா 'என் போட்டு'ன்னு சொன்னா," என்றாள் சுண்டெலி. "'குட்டி'ன்னும் சொன்னா. நான் சாட்சி."

மெத்தைக் கடைக்காரர் கீழே கிடந்தபடியே ஒரு விரலைத் தூக்கினார். "நானும் கேட்டேன்."

டாக்டர் மனைவியின் முகத்தையே பார்த்தார். "இருநூறுக்கு மேல குறை எழுதியிருக்கியேம்மா?"

"எழுதுவேன்! இருநூறு இல்லை, ரெண்டாயிரம் எழுதுவேன்! ஆகாததுக்கெல்லாம் நான் எழுதறதே இல்லை. இவருக்கு," என்று கீழே காட்டினாள், "இவருக்கு ஒரு வரி எழுதுவேனா? பரவாயில்லை பாத்துப் போங்கன்னு அனுப்பிடுவேன். எது நல்லா வரணும்னு நெனைக்கிறேனோ அதுக்குத்தான் உக்காந்து எழுதறது. உங்களுக்கு எதைச் சொன்னாலும் பிடுங்கிப் போடத்தான் தெரியுமா? இருபது வருஷமா ஒரே வீட்டுல இருந்து இதுகூடவா தெரியலை?"

"நீ சொன்னாத்தானே தெரியும்?"

அவர் சொன்னது நியாயம். கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்குள் ஏதோ ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, ஓடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர்களுக்கு எதுவும் உடனே புரியாது, வேரிலிருந்துதான் வருவார்கள்.

"ஆகாததுக்கு எழுத மாட்டே," என்றார்.

"மாட்டேன்."

"பின்பக்கம் என்னைப் பத்தி முந்நூறு இருந்தது."

"முந்நூத்தி ரெண்டு."

"நேத்து ராத்திரி நான் தூங்கவே இல்லை தெரியுமா? போட்டைவிட நான்தான் அதிகத் தொல்லை போலிருக்குன்னு..." அவர் முடிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது மனிதருக்கு உதடு துடித்தது.

மாஸ்டரம்மாவுக்குப் பகீரென்றது. இவ்வளவு நாளும் இந்த மனுஷன் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தார்? நேற்று தியாகக் களை என்று அவள் கண்டது அழுகையா? இனிமேல் சுற்றி வளைக்க இடமில்லை. சொல்லத்தான் வேண்டும். செருப்புக் கடை ஆனாலும் சரி, பாறை ஆனாலும் சரி. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாயின் மேல் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் பரீட்சைக்கு வந்த ஆள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு இந்த போட்டு பிடிச்சிருக்கு. நாம மூணு பேரும் இதுக்குள்ள இருக்கறது பிடிச்சிருக்கு. வீட்டுக்குப் போக வேண்டாம்." மூச்சு வாங்கியது. "உங்களைப் பிடிச்சிருக்கு. இருபது வருஷமாப் பிடிச்சிருக்கு. நல்லா இருக்கீங்க."

சுண்டெலி வாயைப் பிளந்தாள். மெத்தைக் கடைக்காரருக்கு முதல் தடவையாகச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டு, தன்னைப் பாலத்தில் இறக்கிவிடும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

எதிர்ப்பலகையில் உட்காரப் போன டாக்டர், மனம் மாறி அவள் பக்கத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு அங்கே இடம் போதாது. தன் கையைக் கொண்டுவந்து, சுக்கான் கட்டையைப் பிடித்திருந்த அவள் கைமேல் வைத்தார்.

"கையை எடுங்க," என்றாள் மாஸ்டரம்மா. "ஓட்டறப்போ கையைப் பிடிக்கக் கூடாது."

அவர் எடுக்கவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.